பிண்டாரிப் பாதையில் ஐந்து கூரைகள்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

பயணம் என்றாலே கூட்டமாகப் போவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஒரு பேருந்து, ஐம்பது பேர், அண்டா நிறையப் புளியோதரை, வழியெல்லாம் பாட்டு! இதுவே நாமறிந்த சுற்றுலா. ஒருவன் தனியாக ஆறேழு நாள் பனிமலையில் நடந்து வந்தான் என்றால், "வீட்டில் சண்டையா?" என்று ஒருவர் கேட்பார், "சாமியாராகப் போய்விடுவானோ?" என்று இன்னொருவர் கவலைப்படுவார். சென்ற கோடை விடுமுறையில் இமயத்தின் பிண்டாரிப் பனியாறு வரை தனியே நடந்து திரும்பிய என்னையும் இவ்விரு கேள்விகள் விடவில்லை. சண்டையும் இல்லை, சந்நியாசமும் இல்லை. நான் ஒரு கோடு பார்க்கப் போனேன்.

அது என்ன கோடு? முதலாண்டு வகுப்பில் எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தார். அடியில் அகன்ற இலை மரங்கள், மேலே ஊசியிலை மரங்கள், அதற்கும் மேலே குட்டைப் புதர், பின்பு புல், உச்சியில் பாறையும் பனியும். மரங்களுக்கும் புதர்களுக்கும் இடையே சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, "இதுதான் மரவரம்பு. இதற்கு மேல் மரம் கிடையாது" என்றார். எங்கள் ஊரில் பனையும் கருவேலும்தான் மரம். உயரம் என்றால் குடிநீர்த் தொட்டிதான். இதற்கு மேல் உனக்கு இடமில்லை என்று இயற்கையே மரத்தை நிறுத்தி வைக்கும் இடம் ஒன்று உண்டு என்ற செய்தி என் மனத்தில் தைத்துவிட்டது. தேர்வில் அவ்வினாவுக்கு விடை எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. கண்ணால் காணாததை எழுதினோமே என்ற குறை மட்டும் நீங்கவில்லை.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல். அப்பா நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர்; அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். முதலாண்டுத் தேர்வு முடிந்த வேளையில் ஒரு நூற்பாலையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். ஜூன் மாதத்தில் சேரவேண்டும். சேர்ந்தால் வீட்டுக் கடன் அடையும், படிப்பு நின்றுபோகும். "உன் இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டார் அப்பா. அந்த ஒரு சொல்தான் எனக்குப் பெரும் பாரமாயிற்று. முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணத்தில், வீட்டில் கொடுத்தது போகக் கொஞ்சம் மீதமிருந்தது. படிப்பை விடுவதாயினும் அந்தக் கோட்டினைப் பார்த்துவிட்டு விடுவோம் என்று கிளம்பினேன். உடன் வருவதாகச் சொன்ன நண்பர்கள் இருவரும் செலவுக் கணக்கைக் கேட்டதும் ஒதுங்கிக்கொண்டார்கள். எனவே தனிப்பயணம் நான் தேர்ந்துகொண்டதன்று, எனக்கு வாய்த்தது.

பிண்டாரிப் பனியாறு உத்தராகண்ட மாநிலத்தின் பாகேசுவர் மாவட்டத்தில், நந்தாதேவி, நந்தாகோட் சிகரங்களின் தென்புறத்தில் இருக்கிறது. அதிலிருந்து பிறக்கும் பிண்டார் ஆறு கர்ணப்பிரயாகையில் அலக்நந்தாவுடன் கூடிக் கங்கைக்குச் செல்கிறது. இப்பாதையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கூடாரம் வேண்டாம், கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம். லோகார்கேத், டாக்குரி, காட்டி, துவாலி, புர்க்கியா என்று ஐந்து இடங்களில் தங்குமனைகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று ஒரு நாள் நடைக்குள் அடங்கும். கம்பளியும், ஒரு வேளை உணவும், துணிவும் இருந்தால் போதும். இப்போது ஜீப் பாதை காட்டிக்கு இப்பால் கர்க்கியா என்ற ஊர் வரை வந்துவிட்டது. ஆயினும் மலையைப் படிப்படியாகப் பார்க்கவேண்டும் என்பதால் லோகார்கேத்திலிருந்து செல்லும் பழைய பாதையையே பிடித்தேன்.

புறப்படும் முந்தைய இரவு அப்பா என் பையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அவிழ்த்து மறுபடி கட்டினார். "கனமானத மேல வையி. சுமை கழுத்தோட ஒட்டி இருக்கணும். இடுப்புல தொங்கக் கூடாது. ஏத்தத்துல சின்ன அடியா வையி. களைச்சா உக்காராத, நின்னபடியே மூச்சு வாங்கு. உக்காந்தா எந்திரிக்கறதுக்கு ரெண்டு மடங்கு பலம் வேணும்" என்றார். முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த தோள் சொன்ன பாடம் அது. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

சென்னையிலிருந்து தில்லி, தில்லியிலிருந்து காத்கோதாம், அங்கிருந்து அல்மோரா வழியாகப் பாகேசுவர் என நான்கு நாள் ரயிலிலும் ஜீப்பிலும் கழிந்தன. முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றே வந்த கதையை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகும், விட்டுவிடுகிறேன். சரயூவும் கோமதியும் கூடும் பாகேசுவரைத் தாண்டி லோகார்கேத்தை அடைந்தபோது மாலையாகிவிட்டது. முதல் கூரை அதுதான். உயரம் சுமார் 1,750 மீட்டர்.

மறுநாள் ஏற்றம். டாக்குரி வரை 11 கி.மீ. தூரம், இடையே ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரமுள்ள கணவாய் ஒன்றைத் தாண்டவேண்டும். ஓக் மரங்களும் ரோடோடென்ட்ரான் மரங்களும் நிறைந்த காடு. செந்நிறப் பூப் பூக்கும் இந்த ரோடோடென்ட்ரான் இனம் நம் நீலகிரியிலும் உண்டு என்று படித்திருந்தேன். அந்த மரத்தைக் கண்டதும் அயலூரில் சொந்தக்காரரைப் பார்த்தது போல் இருந்தது. அடியில் இருந்தவை பூத்து ஓய்ந்திருந்தன. மேலே ஏற ஏறப் பூக்கள் மிச்சமிருந்தன. மலையில் மேலே ஏறுவது காலத்தில் பின்னோக்கி நடப்பதைப் போன்றது. கீழே முடிந்துபோன வசந்தம் மேலே அப்போதுதான் தொடங்குகிறது.

பாதி ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தது. தில்லியிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள், விலையுயர்ந்த காலணிகளும் ஊன்றுகோல்களுமாக என்னை வேகமாகக் கடந்தார்கள், சற்றுத் தூரம் போய் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். நான் அப்பா சொன்னபடி சின்ன அடி வைத்து, நின்று மூச்சு வாங்கி ஏறினேன். கணவாய்க்கு அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன்! யாரிடம் பயிற்சி பெற்றாய் என்று அவர்களுள் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். "என் தந்தையிடம்" என்றேன். அவர் மலையேறுபவரா என்று கேட்டார். மூட்டை சுமப்பவர் என்றேன். அவ்வாறு சொல்வதில் எனக்கு அன்று எந்தக் கூச்சமும் தோன்றவில்லை. நம் கல்லூரியில் சேர்ந்த நாளில், தந்தையின் தொழில் என்ன என்று கேட்டபோது குரல் தாழ்ந்தது நினைவுக்கு வந்தது.

கணவாயின் மறுபுறம் இறங்கினால் புல்வெளி நடுவே டாக்குரித் தங்குமனை. மேகம் விலகியபோது 6,803 மீட்டர் உயரமுள்ள மைக்தோலிச் சிகரம் கண்ணெதிரே நின்றது. அதைப் பற்றி நான் வருணித்தால் நன்றாயிராது. பார்த்தவர்களுக்கு வேண்டியதில்லை, பார்க்காதவர்களுக்குப் போதாது.

அங்கே காவலாளி ஒரு பதிவேட்டை நீட்டினார். பெயர், தந்தை பெயர், ஊர், எங்கிருந்து வருகை, எங்குச் செல்கை, எத்தனை பேர் என்று பத்திகள். கடைசிப் பத்தியில் "1" என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அகேலா?" என்றார். தனியாகவா என்று பொருள். ஆம் என்றேன். அவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. சோறும் பருப்பும் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டார். அப்பகுதியில் அண்ணனைத் 'தாஜ்யூ' என்று அழைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த இந்தி நாற்பது சொற்களுக்கு மேல் இராது. அவற்றுள் அதிகம் பயன்பட்டது இந்தியே அல்லாத இந்தச் சொல்தான்.

மூன்றாம் நாள் காட்டி வரை 8 கி.மீ. எளிய இறக்கம். 2,200 மீட்டர் உயரத்திலுள்ள இதுவே பாதையின் கடைசிக் கிராமம். கல்வீடுகளும், வாதுமைக்கொட்டை போன்ற 'அக்ரூட்' மரங்களும், படிவயல்களும் உள்ள அழகிய ஊர். இதற்கு மேல் குடியிருப்புகள் இல்லை.

நான்காம் நாள் காட்டியிலிருந்து துவாலிக்கு 11 கி.மீ. பாதை பிண்டார் ஆற்றை ஒட்டியே செல்கிறது. 2013 ஜூன் மாதப் பெருவெள்ளத்தில் இப்பகுதியின் பாலங்களும் பாதையும் பெரிதும் அடித்துச் செல்லப்பட்டன. மலை சரிந்த வடுக்கள் இன்றும் தெரிகின்றன. நண்பகலுக்கு மேல் வானம் இருண்டு ஆலங்கட்டி மழை பிடித்தது. ஒரு பாறையின் அடியில் ஒடுங்கினேன். எதிரே ஆறு இரைகிறது. கற்கள் உருளும் ஓசை ஆற்றோசைக்குள்ளும் கேட்கிறது. காலை முதல் ஒரு மனிதரையும் பார்க்கவில்லை. இங்கே கால் இடறி விழுந்தால் யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குச் செய்தி எப்போது போகும்? நான்கு நாளாக இல்லாத அச்சம் அந்த அரை மணி நேரத்தில் முழுவதும் வந்தது. தனிமை இனிமை என்று எழுதுவோர் ஒருமுறை அந்தப் பாறைக்கடியில் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

மழை குறைந்ததும் நடந்தேன். ஓடை ஒன்றின் மேல் இரண்டு மரங்களைச் சேர்த்துப் போட்ட பாலம் நனைந்து வழுக்கியது. மேய்ச்சலுக்கு ஆடுகளை மேலே ஓட்டிச் செல்லும் இடையர் ஒருவர் அக்கரையில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் பாலத்தின் பாதி வரை வந்து கை நீட்டினார். அவர் ஏன் அங்கே நின்றார் என்பது மாலையில்தான் விளங்கியது. துவாலியில் காவலாளி என் முகத்தைப் பார்த்ததும், "மதராசி? அகேலா?" என்று சிரித்தார். நான் இன்னும் பதிவேட்டில் கைவைக்கவே இல்லை! காட்டியிலிருந்து காலையில் எனக்கு முன் ஏறிய கோவேறு கழுதைக்காரர், பின்னால் ஒரு பையன் தனியாக வருகிறான் என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆள் அரவமற்ற பாதையில் தனியாக நடப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிய செய்தி எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

அன்றிரவுதான் அந்தப் பதிவேட்டின் பொருள் எனக்குப் புரிந்தது. எங்கிருந்து, எங்கு என்ற பத்திகள் அலுவலகச் சடங்குகள் அல்ல. ஒருவன் வரவேண்டிய நாளில் வந்து சேராவிட்டால் எந்த இடத்திலிருந்து தேடவேண்டும் என்று அவைதாம் சொல்லும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸ் கழகம் 1863-இல் தோன்றியது. அதே ஆண்டில் தேடி மலைச்சாரலில் கிரூன்ஹார்ன் என்ற முதல் குடிலைக் கட்டியது. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, 2,469 மீட்டர் உயரமுள்ள பெரிய புனித பெர்னார்டு கணவாயில் துறவியர் வழிப்போக்கர்களுக்கென ஓர் இல்லம் அமைத்தனர். காவலர் இறங்கிவிடும் பனிக்காலத்திலும் பல குடில்களில் ஓர் அறையைப் பூட்டாமல் விட்டுவைப்பார்கள். முன்பின் அறியாத ஒருவர் உயிர் பிழைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. நம் முன்னோர் சாலையோரங்களில் சத்திரமும் சாவடியும் சுமைதாங்கியும் அமைத்ததும் இந்த எண்ணத்தால்தானே?

ஐந்தாம் நாள் புர்க்கியா. 5 கி.மீ. தூரந்தான், ஆனால் செங்குத்து. உயரம் 3,200 மீட்டருக்கு மேல். ஊசியிலை மரங்கள் குறைந்து பூர்ஜ மரங்கள் தோன்றின. முற்காலத்தில் ஏடாகப் பயன்பட்ட வெண்பட்டை, தாள் தாளாக உரிந்து காற்றில் ஆடியது. மறுநாள் விடியலில் பனியாற்றுக்குப் புறப்பட ஆயத்தமானேன். வெளியே வெண்திரை விரித்தாற்போல் மூடுபனி, மென்பனி பெய்துகொண்டிருந்தது. காவலாளி கதவருகே நின்று கையை அசைத்தார். இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம் என்றார். என் கையிலிருந்த பணம் இன்னும் ஒரு நாளைக்குத்தான் வரும். இத்தனை தூரம் வந்து 7 கி.மீ.யில் நிற்பதா என்று மனம் பதைத்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மலையில் எத்தனையோ விடியல்களைக் கண்ட முகம். பையை இறக்கி வைத்துவிட்டேன்.

அந்த ஒரு நாள் முழுவதும் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன். செய்ய வேலையில்லை, பேச மொழியில்லை. உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தேன். நூற்பாலை வேலையைப் பற்றி நிதானமாக நினைக்க அன்றுதான் நேரம் கிடைத்தது. கடன் இன்று அடையவேண்டும் என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுத்தால் என்ன ஆகும்? சோற்றுக்குக் குறைவு வராது; விடுமுறைகளில் பந்தி பரிமாறலாம். அவசரப்பட்டது வறுமை அன்று, என் மனந்தான் என்று தோன்றியது. முடிவு அங்கேயே உறுதியாயிற்று.

மறுநாள் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நான்கரை மணிக்கு நடக்கத் தொடங்கினேன். இப்போது என் கோட்டுக்கு வருகிறேன். கரும்பலகையில் கண்ட கோடு மலையில் எங்கும் இல்லை! பூர்ஜ மரங்கள் மெல்ல மெல்லக் குட்டையாயின. பனியின் கனத்தால் அடிமரம் கீழ்நோக்கி வளைந்து, பின் நிமிர்ந்து வளர்ந்திருந்தன. பிறகு இடுப்பளவு ரோடோடென்ட்ரான் புதர்கள். மரம் முடிந்துவிட்டது என்று எண்ணி நடந்தால், ஒரு பெரும்பாறையின் மறைவில் காற்றுப் படாமல் ஒரு பூர்ஜம் நிற்கிறது. இன்னும் சற்று மேலே அதைப்போல இன்னொன்று. வளர்பருவத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 6 முதல் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் மரங்கள் வளர்வதில்லை என்று சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய கிறிஸ்டியன் கோர்னர் நிறுவியுள்ளார். அது மெய்தான். ஆனால் ஒரு பாறை காற்றைத் தடுக்கிற இடத்தில், ஒரு மூத்த மரம் நிழல்மறைவு தருகிற இடத்தில், ஒரு நாற்று இன்னும் நான்கு அடி மேலே ஏறிவிடுகிறது. மரங்களுக்கும் அங்கே தங்குமனைகள் இருக்கின்றன!

அதற்கு மேல் புல்வெளி. பனித்திட்டுகளின் ஓரத்தில் ஊதா நிறப் பிரிமுலா மலர்கள். பிறகு 3,600 மீட்டருக்கு மேலே 'ஜீரோ பாயிண்ட்' என்னுமிடத்தில் நிலம் திடீரென்று இடிந்து முடிகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவுதான். எதிரே பனியாறு. 1906-ஆம் ஆண்டிலேயே இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் இதன் முனையைக் குறித்து வைத்தனர். அன்று முதல் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அதன் தலைமாட்டில் 5,312 மீட்டர் உயரத்தில் தெரியும் கணவாய்க்கு டிரெயில் கணவாய் என்று பெயர். குமாவுன் ஆணையராக இருந்த ஜார்ஜ் வில்லியம் டிரெயில் 1830-இல் அதைக் கடந்தார் என்பது வரலாறு. அவருக்கு வழிகாட்டியவர் சூபி என்ற ஊரைச் சேர்ந்த மலக் சிங் என்று அப்பகுதி மக்கள் சொல்கிறார்கள். வரைபடத்தில் ஆணையரின் பெயர் நிற்கிறது. பனியில் அடி வைத்துக் காட்டியவரின் பெயர் மக்களின் வாயில் நிற்கிறது. அங்கே அரை மணி நேரம் நின்றேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தோள் வலிச்சுச்சா?" இல்லை என்றேன். ஐந்து மலைவீடுகளின் ஏட்டிலும் அவர் பெயரை எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். "அங்க என்னை யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார்.

நண்பர்களே! நம் வகுப்பில் என்னைப் போல் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் பலர். நாம் தனியாகவே வந்தோம், நம் முயற்சியாலேயே வந்தோம் என்று சில வேளை பெருமைப்படுகிறோம். சில வேளை கலங்குகிறோம். சத்துணவுக் கூடம், அரசுப் பள்ளி, மாணவர் விடுதி, இந்தக் கல்லூரி என்று ஒரு நாள் நடைக்கு ஒரு கூரையை யாரோ கட்டி வைத்திருந்ததால்தான் நாம் இவ்வளவு தூரம் வந்தோம். நடந்த கால் நம்முடையது. கூரை நம்முடையது அன்று.

பிண்டாரிப் பாதையின் கைவரைபடம், தங்குமனைகளுக்கு இடையிலுள்ள தூரம், எனக்கான செலவுக் கணக்கு, பயன்பட்ட நாற்பது இந்திச் சொற்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதித் தாவரவியல் துறை நூலகத்தில் வைத்திருக்கிறேன். அப்பா சொன்ன சுமை கட்டும் முறையும் அதில் படத்துடன் இருக்கிறது. அடுத்த கோடையில் போக விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளலாம்; திரும்பி வந்ததும் தாம் கண்டதையும் அதில் சேர்த்து எழுதி வைக்கவேண்டும்.